ஜப்பான்காரன் குண்டும் நமது லயத்துக் கூரையும்

அவிசாவளையிலிருந்து ஹற்றன் செல்லும் வீதியில் யட்டியாந்தோட்டையைக் கடந்து போனால் கித்துல்கல வரும். அங்கே களனி கங்கைக் கரையில் பழைய கொங்கிறீட் அடித்தளங்கள் சில கிடக்கின்றன. யுத்தத்தில் குண்டு போட்டு உடைத்த பாலத்தின் மிச்சம் அது என்று வெளியூர்க்காரருக்குச் சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அங்கே யுத்தமும் நடக்கவில்லை, குண்டும் விழவில்லை. டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளியான ‘த பிரிட்ஜ் ஒன் த றிவர் குவாய்’ என்ற படத்துக்காகக் கட்டப்பட்டு, அந்தப் படத்துக்காகவே வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட மரப்பாலம் அது.

இந்தத் தவறால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் யுத்தம் என்றதும் நம் மனத்தில் எழும் காட்சி எங்கிருந்து வந்தது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. ஒரு பேரொலி, ஒரு தீப்பிழம்பு, அடுத்த கணம் எதுவும் மிச்சமில்லை. இது சினிமாக் காட்சி. இரண்டாம் உலகப் போரில் விமானக் குண்டுவீச்சுக்கு ஆளான பெருநகரங்களில் பல, வெடித்து அழிந்ததை விட எரிந்து அழிந்ததே அதிகம். அந்தத் தீயில் பெரும்பகுதி ஓட்டுக் கூரைக்கு அடியிலும் பரணிலும், இரண்டு பேரும் ஒரு வாளி மணலும் போதும் என்ற அளவில்தான் தொடங்கியது. இதைச் சொன்னால் நம்மவர் பலர் தலையாட்டிவிட்டு, மறுபடியும் பழைய கதைக்கே போகிறார்கள். சாவு வீட்டு இஸ்தோப்பிலும் தேநீர்க்கடை வாங்கிலும் எண்பது ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி இறுகிப்போன நம்பிக்கைகள் அவை. அவற்றைப் பழங்கதை என்று விட்டுவிட முடியாது. இன்று ஒரு லயத்தில் தீப்பிடிக்கும்போது நாம் செய்வதும் செய்யாமல் நிற்பதும் இதே நம்பிக்கைகளின்படிதான்.

“ஜப்பான்காரன் குண்டு போட்டு கொழும்பே எரிந்து போனது.”

கொழும்பு எரியவில்லை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அவை தேடி வந்தது துறைமுகத்தையும், இரத்மலானை விமானத் தளத்தையும், ரயில்வே வேலைத்தளத்தையும். துறைமுகத்தில் ‘ஹெக்டர்’ என்ற கப்பல் எரிந்து மூழ்கியது. ‘டெனெடோஸ்’ என்ற நாசகாரிக் கப்பலும் மூழ்கியது. குண்டுகள் அங்கொடை மனநோயாளர் வைத்தியசாலையிலும் விழுந்தன. பொதுமக்களில் 85 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய நாளே கனடிய விமானி லெனர்ட் பேர்ச்சல் ஜப்பானியக் கப்பற்படையைக் கடலில் கண்டு செய்தி அனுப்பியிருந்ததால் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல முன்கூட்டியே வெளியேறிவிட்டன.

நகரம் ஏன் எரியவில்லை? வந்தவர்கள் கொண்டுவந்தவை கப்பலையும் ஓடுபாதையையும் உடைப்பதற்கான கனமான வெடிகுண்டுகள். புறக்கோட்டையின் நெருக்கமான கூரைகள்மீது ஆயிரக்கணக்கில் தீக்குண்டுகளைத் தூவுவது அவர்களுடைய அன்றைய நோக்கமாக இருக்கவில்லை. எனவே கொழும்பின் தீயணைப்பு ஏற்பாடுகள் அன்று சோதிக்கப்படவே இல்லை.

இந்த இடத்தில்தான் எதிர்ப்பக்கத் தவறும் பிறக்கிறது. “ஒன்றும் நடக்கவில்லை, பயந்து ஓடியதுதான் மிச்சம்” என்கிறோம். சிவில் பாதுகாப்பு ஆணையாளர் ஒலிவர் குணதிலக்கவின் கீழ் ஏ.ஆர்.பி. எனப்பட்ட விமானத் தாக்குதல் முன்காப்புத் தொண்டர்கள், தீக்காவல், முதலுதவி என்று அமைப்புகள் இருந்தன. அதே வேளையில் குண்டுவீச்சுக்குப் பின் நகரத்து மக்களில் பெருந்தொகையினர் கிடைத்த வண்டியேறி வெளியேறினார்கள். துறைமுகத் தொழிலாளர்கள் போய்விட்டதால் வேலை முடங்கியது. தீ பரவியிருந்தால் வாளி தூக்க ஆளில்லாத நகரமாகத்தான் கொழும்பு இருந்திருக்கும். பரீட்சையே நடக்காத பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சித்தியடைந்தார்கள் என்று சொல்ல முடியாது அல்லவா? நமக்கென்று ஒரு நகரத்தீயின் நினைவு இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் கேள்விக்கதையும் சினிமாவும் குடியேறின. நமது பகுதிக்கு யுத்தம் வந்தது வேறு வழியில். மலாயா வீழ்ந்த பின் நேச நாடுகளின் இயற்கை ரப்பர் தேவைக்கு இலங்கையே முக்கிய ஊற்றானது. மரம் சாகும் அளவுக்குப் பால்வெட்டச் சொன்னார்கள். அவிசாவளையிலிருந்து நமது ஊரான யட்டியாந்தோட்டைக்கு வந்த ஒடுக்கமான ரயில்பாதையும் 1942இல்தான் இல்லாமற்போனது.

“குண்டு விழுந்தால் எல்லாம் அந்தக் கணத்தோடு முடிந்தது, அணைக்க என்ன இருக்கிறது?”

இதுதான் எல்லாவற்றுக்கும் தாய்ப் பிழை. நகரங்களை எரித்த ஜெர்மானியத் தீக்குண்டின் எடை ஒரு கிலோகிராம். மெக்னீசியக் கலவையால் ஆன ஒரு குழாய், உள்ளே தெர்மைற் என்ற தீமூட்டும் கலவை. ஒரு கிலோ சீனிப் பை அளவு பாரம். அது விழுந்தால் சுவர் இடியாது. ஓட்டைப் பொத்துக்கொண்டு போய், கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே கிடந்து, பத்து நிமிடம்வரை வெண்சுடராக எரியும். பக்கத்தில் பழைய பெட்டி, கடதாசி, சாக்கு, உலர்ந்த வளைமரம் ஏதாவது இருந்தால் அதற்குப் பிடிக்கும். இல்லாவிட்டால் தானே எரிந்து அடங்கும். இதனால்தான் பிரித்தானிய அரசு போர் தொடங்குவதற்கு முன்பே மக்களைக் கேட்டுக்கொண்ட காரியங்களில் ஒன்று பரணைக் காலிசெய்யுங்கள் என்பதாக இருந்தது.

1940 டிசம்பர் 29 இரவு லண்டனின் பழைய வணிகப் பகுதியில் நடந்ததைப் பார்ப்போம். அது ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸ் விடுமுறைக் காலம். அலுவலகங்களும் களஞ்சியங்களும் தேவாலயங்களும் பூட்டிக்கிடந்தன. சாவிகள் புறநகர் வீடுகளில் இருந்தன. ஆயிரக்கணக்கில் விழுந்த சிறு தீக்குண்டுகள் பூட்டிய கட்டடங்களின் கூரைகளில் யாரும் பாராமல் எரிந்தன. வீதியிலிருந்து தீ கண்ணுக்குத் தெரிந்தபோது அது ஏற்கெனவே கட்டடத்தை விழுங்கிவிட்டிருந்தது. புத்தக வணிகர்களின் தெருவான பற்றர்நொஸ்டர் றோவில் மட்டும் இலட்சக்கணக்கான புத்தகங்கள் சாம்பலாயின. அந்தத் தெருவுக்கு அடுத்தே நிற்கிறது சென் போல்ஸ் பேராலயம். அதன்மீதும் தீக்குண்டுகள் விழுந்தன. ஒன்று குவிமாடத்தின் ஈயத் தகட்டில் குத்திநின்று உருக்கத் தொடங்கியது. ஆனாலும் பேராலயம் எரியவில்லை. அதன் கூரைகளில் இரவுதோறும் காவல் இருந்த தொண்டர் குழுவிடம் மணலும் கைப்பம்பும் இருந்தன. எந்தப் படி எந்த உத்தரத்துக்குப் போகிறது என்பது அவர்களுக்கு இருட்டிலும் தெரிந்திருந்தது. ஒரே இரவு, ஒரே வானம், ஒரே குண்டு. பூட்டிய கட்டடம் போனது. ஆள் இருந்த கட்டடம் நின்றது.

அந்த இரவுக்குப் பிறகுதான் அமைச்சர் ஹேர்பேட் மொரிசன் தீக்காவலைக் கட்டாயமாக்கினார். சென் போல்ஸ் தப்பியதை அற்புதம் என்றே இன்றும் பலர் நம்புகிறார்கள். அற்புதம் என்று சொல்லிவிட்டால் அடுத்த இரவு காவலுக்கு யார் போவது என்ற கேள்வி எழாது; அந்த நம்பிக்கை நீடிப்பதற்கு அதுவே காரணம்.

“நெருப்பு எதுவானாலும் தண்ணீரை ஊற்று.”

இதை நம்பி ஒரு வாளித் தண்ணீரை எரியும் மெக்னீசியத்தின்மீது கொட்டியவர்களுக்கு முகத்திலும் கையிலும் தீத்துளிகள் தெறித்தன. அதைக் கண்டவர்கள் மறுகோடிக்குப் போய், தீக்குண்டுக்குப் பக்கத்தில் தண்ணீரே ஆகாது என்றார்கள். இரண்டும் பிழை. உலர்ந்த மணலைப் போட்டு மூடினால் வெக்கையும் தெறிப்பும் அடங்கும். பிறகு அகப்பையால் அள்ளி, அடியில் மணல் போட்ட வாளிக்குள் இட்டு வெளியே கொண்டுபோகலாம். மணல் இல்லாத இடத்தில் தண்ணீரைப் பொடித்தூறலாகத் தெளித்தால் குண்டு வேகமாக எரிந்து தீரும். அதேவேளை அதைச் சுற்றிப் பற்றிய மரத்துக்கும் துணிக்கும் தண்ணீரை நேராக அடிக்க வேண்டும்.

இதற்காகவே வீட்டுக்கு வீடு ஒரு கைப்பம்பு வைக்கச் சொன்னார்கள். பம்பை வாளிக்குள் இறக்கி, வெளியே நீண்டிருக்கும் தகட்டில் ஒரு காலை ஊன்றி, கையால் அடிக்க வேண்டும். நமது தோட்டத்தில் மருந்தடிக்கும் பம்பைத் தோளில் மாட்டியவருக்கு இதன் சூட்சுமத்தை விளக்கத் தேவையில்லை. ஒருவர் குழாயைப் பிடித்துத் தரையோடு தவழ்ந்து முன்னே போவார், ஒருவர் அடிப்பார், ஒருவர் தண்ணீர் சுமப்பார். தவழ்வது ஏனென்றால் புகை மேலே நிற்கும், மூச்சுவிடக்கூடிய காற்று தரையோடு கிடக்கும். பின்னாளில் ஜெர்மானியர் சில தீக்குண்டுகளுக்குள் வெடிமருந்தையும் வைத்து அனுப்பினார்கள். அதனால் சுவர் மறைவிலிருந்தே நெருங்க வேண்டும் என்று பாடம் மாற்றப்பட்டது.

மண்ணெண்ணெய் லாம்பு கவிழ்ந்த தீயிலும், தாச்சியில் எண்ணெய் பற்றிய தீயிலும், மின்கம்பியில் பற்றிய தீயிலும் இன்றும் நாம் முதலில் தூக்குவது தண்ணீர் வாளியைத்தான். எரியும் எண்ணெயைத் தண்ணீர் தூக்கி எறியும். மின்சாரம் தண்ணீர் வழியே ஊற்றியவரைத் தேடி வரும். சாம்பலும் மணலும் ஈரச்சாக்கும் எந்தத் தீக்கு எது என்று தெரிந்து வைத்திருப்பது பெரிய படிப்பு அல்ல. ஆனால் அதைச் சொல்லித்தர நாம் ஒரு மாலை நேரத்தைக்கூட ஒதுக்கியதில்லை.

“ஆறு பக்கத்தில் ஓடும்போது தண்ணீருக்கு என்ன குறை?”

லண்டன் நடுவே தேம்ஸ் ஓடுகிறது. டிசம்பர் 29 இரவு அந்த ஆற்றில் வற்று மிகக் கடுமையாக இருந்தது. தீயணைப்பாளர்கள் குழாய்களைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கி நடுவே ஓடிய நீரை எட்ட முயன்றார்கள். தெருவுக்கு அடியிலிருந்த பிரதான குழாய்களைக் குண்டுகள் உடைத்துவிட்டதால் மேலேயும் நீர் இல்லை. ஆற்றங்கரை நகரம் நீரில்லாமல் எரிந்தது. அதன் பிறகுதான் இடிந்த கட்டடங்களின் நிலவறைகளைச் சீமெந்து பூசித் தொட்டிகளாக்கினார்கள். வீதியோரங்களில் இரும்புத் தாங்கிகளை வைத்தார்கள். நிலத்துக்கு மேலாகவே குழாய் பதித்தார்கள்.

ஆறு இருப்பதும் தீ இருக்கும் இடத்தில் தண்ணீர் இருப்பதும் ஒன்றல்ல. களனி கங்கை யட்டியாந்தோட்டைக் கடைவீதியை ஒட்டி ஓடுகிறது. பெருகினால் வீதிக்கே வந்துவிடுகிறது. ஆனால் மேட்டு லயத்தில் தை, மாசி மாதங்களில் பீலியில் தண்ணீர் நூலாக விழும்போது குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருப்பவர்களிடம் போய், ஆறு இருக்கிறதே என்று சொல்ல முடியுமா? தீக்கென்று ஒதுக்கி, எதற்கும் தொடாமல் வைத்திருக்கும் ஒரு பீப்பாய் தண்ணீர்தான் கணக்கில் சேரும்.

“அணைப்பது தீயணைப்புப் படையின் வேலை.”

பெருந்தீயை அணைப்பது அவர்கள் வேலை. சிறுதீயைப் பெருந்தீயாக வளரவிடாமல் தடுப்பது அங்கே இருப்பவர் வேலை. லண்டனில் ஒரே இரவில் ஆயிரத்தைந்நூறு தீகள் எரிந்தபோது எந்தப் படையாலும் எல்லாவற்றுக்கும் போயிருக்க முடியாது. போன இடத்திலும் ஒரு சிக்கல் காத்திருந்தது. பிரித்தானியாவில் சுமார் 1,600 தனித்தனித் தீயணைப்புப் பிரிவுகள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் உள்ளூராட்சிக்குக் கட்டுப்பட்டது. அயல் நகரத்திலிருந்து உதவிக்கு வண்டி வரும், ஆட்கள் வருவார்கள், குழாயைச் சேர்க்கப் போனால் இணைப்பு வாயின் அளவு பொருந்தாது. எரியும் நகரத்தின் முன்னால் பொருந்தாத குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். 1941 ஆகஸ்டில் எல்லாப் பிரிவுகளையும் ஒன்றாக்கி தேசிய தீயணைப்புச் சேவை அமைக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். நமது நாட்டில் தீயணைப்புப் பிரிவுகள் இன்றும் மாநகர சபை, நகர சபைகளின் கையில்தான் பிரிந்துகிடக்கின்றன. பிரதேச சபை எல்லைக்குள் மலைச்சரிவில் இருக்கும் ஒரு தோட்டத்துக்கு அந்தப் பிரிவினையின் விலை என்ன என்று யோசிக்க வேண்டும்.

அங்கே இன்னொரு வசையும் இருந்தது. போர் தொடங்கிய முதல் ஆண்டில் குண்டுவீச்சு இல்லாதபோது, துணைத் தீயணைப்புச் சேவையில் சேர்ந்தவர்களை இராணுவத்துக்குப் பயந்து ஒளிந்தவர்கள் என்று ஏசினார்கள். அடுத்த ஆண்டு அதே ஆட்கள் மேலிருந்து குண்டு விழ, கீழே சுவர் சரிய, தண்ணீர்க் குழாயை விடாமல் நின்றார்கள். போர் முடிவதற்குள் பிரித்தானியத் தீயணைப்புச் சேவையில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்களும் பெண்களும் உயிரிழந்தார்கள். ஆபத்து வராத காலத்தில் ஆயத்தமாக இருப்பவரை வேலையற்றவர் என்று பார்ப்பது நம்மிடமும் உள்ள வழக்கம். லயத்துக்கு லயம் மணல் வாளி தொங்கவிடச் சொன்ன இளைஞரை ஊரே கேலி செய்ததை நான் பார்த்திருக்கிறேன்.

“பதுங்குமிடத்துக்குள் இருந்தால் பயமில்லை.”

வடக்கில் குண்டுவீச்சுக் காலத்தில் பதுங்குகுழியால் உயிர் தப்பியவர்கள் ஆயிரமாயிரம் பேர். சன்னத்துக்கும் வெடிக்கும் அது சரியான காப்பு. தீக்கு அது காப்பல்ல. 1943 ஜூலை 27 இரவு ஹம்பேர்க் நகரில் பல சிறுதீகள் கலந்து ஒரே தீப்புயலாக எழுந்தன; அது காற்றை நாலாபுறத்திலிருந்தும் இழுத்தது. தீயணைப்பு வண்டிகளில் பெரும்பாலானவை முந்தைய தாக்குதலின் தீயோடு நகரின் மறுபக்கத்தில் இருந்தன. நிலவறைகளில் சொன்னபடி அமர்ந்திருந்தவர்கள் பலர் காயமின்றி இறந்துகிடந்தார்கள். அவர்களைக் கொன்றது காபனோரொட்சைட்டும் வெக்கையும். மேலே கூரை பற்றிவிட்டது என்றால் சைரன் ஓயும்வரை காத்திருக்கக் கூடாது.

“தைரியம் இருந்தால் எந்தத் தீயையும் அணைக்கலாம்.”

இதுவரை சொன்னதை வைத்து யாராவது இந்த முடிவுக்கு வந்தால், அவரை டோக்கியோவுக்கு அழைத்துப் போக வேண்டும். ஜப்பானின் விமானத் தாக்குதல் பாதுகாப்புச் சட்டம் 1937இல் வந்தது. 1941இல் அதைத் திருத்தி, நகரவாசிகள் இடத்தைவிட்டு ஓடுவதைத் தடைசெய்து, தீயை அணைப்பதைக் கட்டாயக் கடமையாக்கினார்கள். அயலவர் குழுக்கள் வாளியைக் கைமாற்றித் தண்ணீர் ஊற்றப் பழகின. ஒரு வீட்டில் ஒரு தீ என்றால் அது நல்ல பயிற்சிதான். 1945 மார்ச் 9 இரவு, பலத்த காற்றில், நூற்றுக்கணக்கான அமெரிக்க விமானங்கள் தாழப் பறந்து மரவீடுகள்மீது நேபாம் நிரப்பிய குண்டுகளைக் கொட்டின. வாளியோடு நின்றவர்கள் நின்ற இடத்திலேயே சூழப்பட்டார்கள். ஒரே இரவில் சுமார் ஒரு இலட்சம் பேர் இறந்தார்கள்.

நேபாமுக்கும் நமது மரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. பெற்றோலை ஒட்டும்படி கெட்டியாக்க முதலில் பயன்பட்டது இயற்கை ரப்பர்தான். மலாயாவை ஜப்பான் பிடித்ததும் ரப்பருக்குத் தட்டுப்பாடு வந்தது. அதற்கு மாற்றாகத்தான் 1942இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் ஃபீசரின் குழு நேபாமை உண்டாக்கியது. புகைக்கூட்டில் ஷீட் பற்றி எரிந்து, உருகிச் சொட்டி, சொட்டிய இடத்தில் ஒட்டிக்கொண்டு எரிவதைக் கண்ட ரப்பர்த் தோட்டத்தார், டோக்கியோவில் வாளித் தண்ணீர் ஏன் தோற்றது என்பதை உலகில் வேறு யாரையும்விட எளிதாக விளங்கிக்கொள்வார்கள்.

தீக்கு முன்கூட்டியே இடைவெளி வெட்டுவது இன்னொரு வழி. ஜப்பானிய நகரங்களில் வீட்டு வரிசைகளை இடித்துத் தீத்தடை வெளிகளை உண்டாக்கினார்கள். வழி சரிதான். அந்த வேலைக்கு ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 காலையில் நிறுத்தப்பட்டிருந்தவர்கள் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள். அந்தக் காலையை அவர்களில் பெரும்பாலோர் கடக்கவில்லை.

ஆகவே அளவு தெரிய வேண்டும். தீ உங்கள் இடுப்பளவுக்குக் கீழ் இருந்து, பின்னால் வெளியேற வழியும் இருந்தால் நின்று அணையுங்கள். கூரையைத் தொட்டுவிட்டால் பிள்ளைகளையும் முதியவர்களையும் வெளியே எடுங்கள். பிறகு அடுத்த கூரையைக் காப்பாற்றுங்கள். எரிவதை விட்டுக்கொடுப்பது கோழைத்தனம் என்று நினைப்பவர்களுக்குத் திருகோணமலை பதில் சொல்கிறது. 1942 ஏப்ரல் 9 தாக்குதலின்போது ஒரு ஜப்பானிய விமானம் சீனக்குடா எண்ணெய்த் தாங்கியொன்றில் விழுந்தது. தாங்கி ஏழு நாள் எரிந்தது. அணைக்கத் தெரியாமல் விட்டார்கள் என்பது ஊர்ப்பேச்சு. பற்றிக்கொண்ட எண்ணெய்த் தாங்கியில் காப்பாற்றுவதற்கு எதுவும் மிஞ்சாது. காக்க வேண்டியது அடுத்த தாங்கியை. ஏறத்தாழ நூறு தாங்கிகள் நின்ற அந்தக் காட்டில் அந்தத் தீ மற்றவற்றைத் தின்னாமல் நின்றதற்கு, கட்டும்போதே ஒவ்வொன்றுக்கும் நடுவே விட்டிருந்த இடைவெளி பெரும் காரணம். இன்றும் அங்கே 99 தாங்கிகள் நிற்கின்றன.

“யாரோ வேண்டுமென்று வைத்த தீ.”

1944 ஏப்ரல் 14 பிற்பகல் பம்பாய்த் துறைமுகத்தில் இரண்டு பெருவெடிப்புகள் நகரை உலுக்கின. ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்று நகரம் ஓடியது. வானத்தில் ஒரு விமானமும் இல்லை. விக்டோரியா டொக்கில் நின்ற ‘ஃபோட் ஸ்ரிக்கின்’ என்ற கப்பலில் ஏறத்தாழ 1,400 தொன் வெடிபொருளையும் பஞ்சுப் பொதிகளையும் ஒன்றாக ஏற்றியிருந்தார்கள். பஞ்சில் தீப்பிடித்தது. வெடிப்புக்கு முன் ஏறத்தாழ இரண்டு மணிநேரம் தீயணைப்பாளர்கள் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். கப்பலை வெளியே இழுப்பதா, மூழ்கடிப்பதா என்று முடிவெடுக்க அதிகாரம் உள்ள ஒருவரும் முடிவெடுக்கவில்லை. 66 தீயணைப்பாளர்கள் இறந்தார்கள். இந்தியாவில் ஆண்டுதோறும் ஏப்ரல் 14இல் தொடங்கும் தீயணைப்புச் சேவை வாரம் அவர்களின் நினைவாகத்தான்.

எதிரி குண்டு போட்டான் என்ற வதந்தி ஏன் அவ்வளவு விரைவில் பரவியது? எதிரி என்றால் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். பஞ்சுக்கு அருகே வெடிமருந்தை வைக்க யார் அனுமதித்தார்கள் என்று கேட்கத் தொடங்கினால், அது கந்தோரை நோக்கிப் போகும்.

நமது தோட்டங்களில் ஜப்பான்காரனின் இடத்தை இன்று இரண்டு சொற்கள் பிடித்துக்கொண்டுள்ளன. ஒன்று ‘பொறாமைக்காரன்’, மற்றது ‘மின்கசிவு’. லயம் எரிந்த மறுநாள் காலை பொலிசார் வருவதற்குள் ஊர் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்துவிடும். மின்கசிவு பொய்யென்று நான் சொல்லவில்லை. பல தீகளுக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். ஆனால் மின்சாரம் எங்கே கசிந்தது, எத்தனை காம்பிராக்களுக்கு ஒரே இணைப்பிலிருந்து கம்பி இழுத்திருந்தார்கள், தனி இணைப்புக்கு விண்ணப்பித்தவர்கள் எத்தனை மாதம் காத்திருந்தார்கள் என்று கேட்காதவரை அந்தச் சொல் ஒரு மூடிதான். அடுத்த கேள்வி அதைவிட முக்கியம். ஒரு காம்பிராவில் பிடித்த தீ எப்படிப் பன்னிரண்டு காம்பிராக்களைத் தின்றது? ஒருவர் வீட்டுத் தீ பன்னிரண்டு குடும்பங்களின் அடையாள அட்டையையும், பிறப்புச் சான்றிதழையும், பிள்ளைகளின் பாடப்புத்தகத்தையும் கொண்டுபோனது ஏன்?

பதில் கூரையில் இருக்கிறது. பழைய லயங்களுக்கு ஒரு முனை முதல் மறுமுனைவரை ஒரே கூரை, ஒரே வளைமர வரிசை. பல லயங்களில் காம்பிராக்களைப் பிரிக்கும் சுவர் கூரைத் தகரம்வரை எழுவதில்லை. மேலே ஒரு நீண்ட வெறும்வெளி. அந்த வெளியில் பரணும், பரணில் உலர்ந்த விறகும். 1940இல் லண்டன் வணிகப் பகுதியில் தீ கூரைக்குக் கூரை தாவிய அதே வழிதான் இது. இங்கே குண்டே தேவைப்படவில்லை. கவிழ்ந்த லாம்பு போதும்.

தீப்பிடித்தால் 110க்கு அழைப்பது சரியே. வண்டி மலைப்பாதை ஏறி வந்துசேர்வதற்குள் கூரை விழுந்துவிடும் என்பதும் நமக்குத் தெரிந்ததே. லயத்துக்கு ஒரு நீண்ட ஏணி, இரண்டு மணல் வாளி, மூடிவைத்த ஒரு பீப்பாய் தண்ணீர், மின்சாரத்தை எங்கே நிறுத்துவது என்று ஒவ்வொரு காம்பிராவிலும் ஒருவருக்காவது தெரிந்திருத்தல், அடுப்புக்கு மேலே விறகு அடுக்காமை. இவை தோட்டத் துரைக்கு மனுக்கொடுக்காமல் நாமே செய்யக்கூடியவை. செய்யாமல் இருப்பதற்குக் காரணம் பணமில்லாமை மட்டுமே என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

சுவர் விடயம் வேறு. மூன்று அல்லது நான்கு காம்பிராக்களுக்கு ஒன்றாகத் தடுப்புச் சுவரைக் கூரைவரை உயர்த்திக் கட்டுவது நிர்வாகத்தின் பொறுப்பு. தொழிற்சங்கமும் பிரதேச சபையும் அதைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறை லயத்துக்குப் புதுத்தகரம் வரும்போதும் பழையதைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் கூரை திறந்தே கிடக்கிறது. மேசன்மாரும் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். அந்த இரண்டு நாளில் நான்கு வரிசைக் கல் ஏற்றினால் வேலை முடிந்துவிடும். தகரம் ஏறிய பிறகு அந்தச் சுவரை யாரும் கட்டப்போவதில்லை.